சிற்றாலயம் இருக்கும்போது பள்ளியில் அமைதி அறை எதற்கு?

ரெஜிஸ்டர்நோட்டு
ஜூன் 14, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை நான். பதினாறு வருட சர்வீஸ். ஊர் பெயர், பள்ளிப் பெயர் கேட்காதீர்கள்.

எங்கள் பழைய கட்டடத்தில் டைப்ரைட்டிங் ரூம் என்று ஒன்று உண்டு. தொழிற்கல்விப் பிரிவை நிறுத்திய பிறகு அதில் கால் உடைந்த பெஞ்சுகளும், தேர்தல் பூத் போட்டபோது விட்டுப்போன அட்டைப் பெட்டிகளும்தான் குடியிருக்கின்றன. இருபதுக்குப் பதினைந்து அடி, மேலே மங்களூர் ஓடு. ஒரு ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம், இன்னொன்றைத் திறந்தால் சத்துணவுக் கூடம். புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைகள் கொஞ்ச நேரம் அமைதியா உட்கார்ந்து தங்களைத் தாங்களே பார்த்துக்க ஒரு இடம் வேணும் டீச்சர். இந்த ரூமைச் சரிசெய்து தர்றேன். எப்படி இருக்கணும்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். வேதியியல் டீச்சர், “தன்னைத் தானே பார்க்கன்னா ஒரு கண்ணாடி போதுமே” என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். கணக்கு டீச்சர், ரூம் காலியாக இருந்தால் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸுக்குத் தரலாமே என்றார். மறைக்கல்வி (கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு) எடுக்கும் டீச்சர், “சிற்றாலயம் இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் கால்வாசிகூட இல்லை. கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கரும்பலகை72
ஜூன் 14, இரவு 10:15

டீச்சர், நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அனுபவத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சிஸ்டருக்கு எத்தனை வருடம் போஸ்டிங்? அவர் மாற்றலாகிப் போனதும் அந்த அறைக்குள் விலையில்லா பாடநூல் கட்டுகள் வந்து இறங்கும். அதற்குப் பின்னால் சைக்கிள். பள்ளிக்கூடத்தில் காலி ரூம் என்பது காலி மனை மாதிரி, யாராவது வேலி போட்டுவிடுவார்கள்.

அதனால் முதலில் சுவரில் எதையாவது நிரந்தரமாகச் செய்துவிடுங்கள். தரையை உயர்த்தி ஒரு திண்ணை கட்டினால்கூடப் போதும். திண்ணை இருக்கிற ரூமில் பீரோ வைக்க யோசிப்பார்கள்.

வேதாகமத்தோழன்
ஜூன் 15, காலை 6:05

நான் இருபது வருடமாக மறைக்கல்வி எடுக்கிறவன். உங்கள் சக ஆசிரியை கேட்டது சரியான கேள்வி. நற்கருணை நாதர், அதாவது அப்ப வடிவில் இயேசுவே, எழுந்தருளியிருக்கும் சிற்றாலயம் வளாகத்துக்குள்ளேயே இருக்கும்போது பக்கத்தில் இன்னொரு அறையைத் திறப்பது பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கும்? இந்த ‘மைண்ட்ஃபுல்னஸ்’, அதாவது மூச்சையும் மனதையும் கவனிக்கும் பயிற்சி, புத்த மதத்திலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்தது. இன்று மூச்சைக் கவனி என்பார்கள், நாளைக்கு வேறொன்று வரும். கத்தோலிக்கப் பள்ளி கத்தோலிக்கப் பள்ளியாக இருந்தால் போதும்.

தாமிரபரணிக்காரன்
ஜூன் 15, பிற்பகல் 1:20

வேதாகமத்தோழன் அண்ணனுக்கு: பயம் புரிகிறது, ஆனால் திருச்சபை இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னாடியே எதிர்கொண்டுவிட்டது. 1989 அக்டோபர் 15, அவிலா தெரசாவின் விழா நாளில், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. கையெழுத்துப் போட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட். கீழை நாட்டு முறைகளைக் கிறிஸ்தவம் இல்லை என்பதற்காகவே தள்ளிவிட வேண்டாம், நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கிறிஸ்தவ செபத்தின் அடிப்படை கரைந்துபோகக் கூடாது என்பதுதான் சாரம். இன்னொரு எச்சரிக்கையும் அதில் உண்டு: மூச்சுப் பயிற்சியில் உடம்புக்கு வரும் சுகத்தைத் தூய ஆவி தரும் ஆறுதல் என்று நினைத்துவிடாதே. அந்தக் கவலை உங்களுடையதும்தான். ஆக, நீங்களும் கடிதமும் பாதி வழி ஒன்றாகத்தான் போகிறீர்கள்.

அப்புறம் நம்ம ஊரிலேயே பாருங்கள். குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950லேயே மொஞ்சானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு பீட் கிரிஃபித்ஸ் வந்து 1993ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். கொடைக்கானல் போகும் வழியில் பெருமாள்மலையில் யேசு சபைக் குரு ஆமா சாமி 1996ல் போதி ஜென்டோ என்ற ஜென் புத்த தியான மையத்தைத் திறந்தார். கத்தோலிக்கக் குருவே ஜென் சொல்லித்தருகிறார்.

ஒரு வார்த்தை விளையாட்டு: நம் பங்குக் கோயில்களில் ‘தியானம்’ என்றால் என்ன? மூன்று நாள் பந்தல், கீபோர்டு, நாலு மூலையிலும் ஸ்பீக்கர், தொண்டை கட்டும்வரை பிரசங்கம். தமிழ்நாட்டிலேயே அதிக சத்தம் போடுகிற விஷயத்துக்குத் தியானம் என்று பெயர் வைத்தவர்கள் நாம். டீச்சர், அறைக்கு அந்தப் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சட்டப்பிரிவு
ஜூன் 15, மாலை 7:50

மதம் பேசியாயிற்று, சட்டமும் பேசிவிடுவோம். பள்ளி அரசு உதவி வாங்குகிறது. அரசியலமைப்பு 28(3) என்ன சொல்கிறது என்றால், அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கிறவரை, அவர் சம்மதிக்காமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை 30ஆவது பிரிவில் இருக்கிறது, அதனால் சிலுவை மாட்டுவதோ சிற்றாலயம் வைப்பதோ பிரச்சினை இல்லை. கட்டாயம்தான் பிரச்சினை.

மறைக்கல்வி நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு வைப்பது ஏன் என்று எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? சும்மா வந்த வழக்கம் இல்லை அது. அமைதி அறையை டைம்டேபிளில் எல்லாருக்கும் ஒரு பீரியடாகப் போட்டு அதில் செபமும் சொன்னால் ஒரு பெற்றோர் மனு எழுதினாலே போதும். யார் வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்றால் ஒரு சிக்கலும் இல்லை.

கிள்ளான்வாசி
ஜூன் 16, காலை 8:30

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். யாரும் சொல்லாத ஒரு கதை எங்கள் பக்கம் இருக்கிறது. 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசாங்க வேலையில் இருந்த ஜான் மெய்ன் என்ற ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கர் ஒருநாள் அலுவல் விஷயமாகக் கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவைப் பார்க்கப் போனார். சுத்த சமாஜத்தைத் தொடங்கியவர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தியவர் சுவாமி. வந்த வேலை முடிந்ததும் பேச்சு தியானத்துக்குத் திரும்பியது. எனக்கும் சொல்லித் தருவீர்களா, நான் கிறிஸ்தவனாயிற்றே என்று மெய்ன் கேட்டார். சுவாமி, உன் மதத்தில் இருக்கிற ஒரு சொல்லையே எடுத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார்.

பின்னால் மெய்ன் லண்டனில் பெனடிக்டின் சபைத் துறவியானபோது இதை விட்டுவிடு என்று மேலிடத்தில் சொன்னார்கள், விட்டுவிட்டார். பல வருடம் கழித்து, நாலாம் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி யோவான் காசியான் எழுதியதைப் படிக்கும்போது, ஒரே சிறு செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது பாலைவனத் துறவிகளின் வழக்கம் என்று கண்டார். சுவாமி சொன்னது தன் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது! ‘மாரனாத்தா’ என்ற அரமேயச் சொல்லைத்தான் அவர் பிறருக்குச் சொல்லித்தந்தார். பைபிளில் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் வரும் சொல். ஆண்டவரே வாரும் என்று பொருள்.

இன்று ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் மறைமாவட்டம் தன் பள்ளிகளில் இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறது. கணக்கு எளிது: எத்தனை வயதோ அத்தனை நிமிடம். ஏழு வயதுக்கு ஏழு நிமிடம். அதற்கு மேல் இழுக்க மாட்டார்கள்.

பழையமாணவி
ஜூன் 16, இரவு 11:10

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். எல்லாரும் குருக்களையும் சட்டத்தையும் பேசுகிறீர்கள். கான்வென்ட்டில் படித்த பிள்ளையாக நான் ஒன்று சொல்லட்டுமா?

எங்கள் பள்ளியில் அழுவதற்கு இருந்த ஒரே இடம் கழிவறை. அதிலும் மூன்றாவது கதவு, ஏனென்றால் அதற்குத்தான் தாழ்ப்பாள் சரியாக இருக்கும். அப்பா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த வருடம் நான் பத்தாவது. ஒருநாள் சிற்றாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நான் கிறிஸ்தவள் இல்லை, ஆனால் அங்கே குளிர்ச்சியாக இருக்கும், மெழுகுவர்த்தி வாசம் பிடிக்கும். ஒரு சிஸ்டர் வந்து அன்பாகத்தான் கேட்டார்: “என்னம்மா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” சொன்னேன். மறுநாள் மூன்று டீச்சர்கள் என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அதையே விசாரித்தார்கள். எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். அதோடு நான் சிற்றாலயத்துக்குப் போகவில்லை.

இன்னொன்று. நாங்கள் ‘அமைதி’ என்ற சொல்லை எப்போது கேட்டோம்? “அமைதி! அமைதி!” என்று மேஜையில் ஸ்கேலால் தட்டும்போது. கையைக் கட்டு, வாயைப் பொத்து. பேசினவர்கள் பெயரைப் போர்டில் எழுதும்போது. பள்ளிக்கூடத்தில் அமைதி என்பதே தண்டனையின் இன்னொரு பெயர். அந்தப் பெயரில் ஒரு ரூம் திறந்தால் பிள்ளைகள் எதற்கு வருவார்கள்?

டீச்சர், பாயும் விளக்கும் எது வேண்டுமானாலும் வாங்குங்கள். இரண்டே இரண்டு விதி போடுங்கள். யாரையும் அங்கே அனுப்பக் கூடாது. வந்தவளை ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது.

ரெஜிஸ்டர்நோட்டு
ஜூன் 17, காலை 5:55

பழையமாணவி, உங்கள் பதிவை இரவு படித்தேன். காலையில் எழுந்து இன்னொரு தரம் படித்தேன். போர்டில் பெயர் எழுதச் சொல்கிற டீச்சர் நானும்தான், லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போவேன். உங்கள் இரண்டு விதியையும் சிஸ்டரிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

ஆற்றுப்படுத்துநர்
ஜூன் 17, பிற்பகல் 3:30

பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். இரண்டாவது விதியில் ஒரு திருத்தம் வேண்டும். ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டாம், சரி. ஆனால் ஒரு பிள்ளை தினமும் வந்து மணிக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கண்டும் காணாமல் இருக்க முடியாது. அமைதி அறை ஆலோசனை அறைக்கு மாற்று ஆகாது. உள்ளே பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் 1098 (சைல்டுலைன்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி வையுங்கள். கேட்காமலேயே சொன்னது மாதிரி இருக்கும்.

கதவில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பொறுப்பு ஆசிரியை உள்ளே உட்கார வேண்டாம், வராண்டாவில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்தட்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறைக்குள் இருக்கிற நிலைமை எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது.

கண்ணை மூடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் அடி வாங்கின பிள்ளைக்கும், வேறு மோசமான அனுபவம் உள்ள பிள்ளைக்கும் கண்ணை மூடினால்தான் எல்லாம் திரும்ப வரும். கண் திறந்தபடி பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். செடி, தண்ணீர் நிறைந்த உருளி, வேப்பமரம்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2022ல் வந்தது. வகுப்பறையில் எல்லாருக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பாடம் நடத்தியதில், வழக்கமாக நடத்தும் பாடத்தைவிட மனநலத்தில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. யார் செய்வார்கள், இன்னொரு ஹோம்வொர்க்தானே! பாடமாக்கினால் பாடத்துக்குக் கிடைக்கிற மரியாதைதான் இதற்கும் கிடைக்கும்.

கரும்பலகை72
ஜூன் 17, இரவு 8:45

ஆற்றுப்படுத்துநர் அம்மா சொன்னதை அப்படியே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

அமைதி தண்டனை என்று அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் எனக்கு இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் ஞாபகம் வந்தது. அவரும் கத்தோலிக்கர்தான். 1939ல் அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் சில வருடம் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வகுப்பில் ‘அமைதி விளையாட்டு’ என்று ஒன்று உண்டு. அது பிறந்த கதை அழகு. ரோமில் ஒருநாள் நாலு மாதக் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். குழந்தை எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது பாருங்கள், மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை, உங்களில் யாராலும் இப்படி முடியாது என்று வேடிக்கையாகச் சொன்னார். பிள்ளைகள் மூச்சை அடக்கிக் காலை அசைக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். கடிகாரம் ஓடும் சத்தம் வகுப்பறையில் முதல் தடவையாகக் கேட்டது. பிறகு அவர் அடுத்த அறையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுத்துக் கூப்பிடுவார், பெயர் கேட்ட பிள்ளை பூனை மாதிரி எழுந்து போகும். அங்கே அமைதி யாரும் போட்ட உத்தரவு இல்லை. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்த வித்தை.

இன்னொரு யோசனை, செலவே இல்லாதது. கடவுளுக்குக் கடிதம் எழுதிப் போடும் பெட்டி, மனம்விட்டு எழுதும் நோட்டு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் யாராவது படித்துவிடுவார்கள், நானே படித்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பதில் பத்து சிலேட்டு வாங்குங்கள். பல்பத்தால் எழுதட்டும், ஈரத்துணியால் துடைக்கட்டும். நாங்கள் கோவை இலையைக் கசக்கித் துடைப்போம், சிலேட்டு கருகருவென்று இருக்கும். எழுதினது இருக்காது, எழுதின நிம்மதி இருக்கும்.

வேதாகமத்தோழன்
ஜூன் 18, காலை 6:20

தாமிரபரணிக்காரன் சொன்ன கடிதத்தைத் தேடிப் படித்தேன். நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன், பாதியை மட்டும்தான். பைபிளில் இறைவாக்கினர் எலியாவுக்கு ஓரேபு மலையில் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் ஆண்டவர் வரவில்லை, பிறகு வந்த மெல்லிய ஒலியில்தான் வந்தார். அமைதிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த அறையில் சிலுவை இருக்குமா, இருக்காதா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஓர்அம்மா
ஜூன் 18, காலை 10:40

இதற்கு நான் பதில் சொல்லலாமா? நாங்கள் முஸ்லிம்கள். என் மகள் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். வாசலிலேயே மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது, அதைத் தாண்டித்தான் அட்மிஷன் ஃபார்ம் வாங்கினோம். சிலுவை இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. யாருக்கும் மனம் கோணக் கூடாது என்று அதை எடுத்து ஒளித்துவைத்தால்தான், வேறு எதை ஒளிக்கிறார்கள் என்று தோன்றும். அதன் முன்னால் மண்டியிடச் சொல்லாமல் இருந்தால் போதும். ரமலான் மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு அறை இருந்தால் முதலில் போகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

சட்டப்பிரிவு
ஜூன் 18, காலை 11:05

இவ்வளவு தெளிவாக என்னால் 28(3)க்கு விளக்கம் எழுதியிருக்க முடியாது.

ரெஜிஸ்டர்நோட்டு
ஆகஸ்ட் 23, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். அறை திறந்து ஐந்து வாரம் ஆகிறது. திறந்த கதையைவிடச் சொதப்பின கதைதான் பெரிது.

சுண்ணாம்பு அடித்தோம், எட்டு கோரைப்பாய், ஒரு வெண்கல உருளி, பத்து சிலேட்டு. கரும்பலகை சார் சொன்னபடி வேப்பமரத்து ஜன்னலுக்குக் கீழே சிமெண்ட் திண்ணை. கொத்தனாருக்கே பாதிப் பணம் போய்விட்டது. சிலுவை உண்டு: கையகலத்தில் மரச்சிலுவை, கதவுக்கு மேலே. வேறு படம் எதுவும் இல்லை, முழந்தாள்பலகையும் இல்லை. திறந்திருக்கிற நேரம் மதிய இடைவேளை நாற்பது நிமிடமும், சாயங்காலம் பஸ் வரும்வரை அரை மணியும்.

முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை, வேடிக்கை பார்க்க. இரண்டாம் வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம் எட்டிப் பார்த்தால் ஏழு பேர் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ‘பரவாயில்லையே’ என்று எனக்குப் பூரிப்பு. ஒருத்தியிடம் “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன் (கேட்கக் கூடாது, தெரியும்). “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மிஸ்” என்றாள். வகுப்பில் பேசியதற்காக அனுப்பப்பட்டவர்களாம்! “போய் அந்த ரூம்ல உட்காரு, புத்தி வரும்” என்று இரண்டு டீச்சர்கள் அனுப்பத் தொடங்கி, பிறகு நாலு பேர் ஆகிவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முட்டி போட வைப்பதைவிட இது மேல் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த வாரத்தோடு தானாக வந்துகொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பழையமாணவி சொன்ன முதல் விதியை நான் சிஸ்டரிடம் சொன்னேன், சிஸ்டர் தலையாட்டினார், ஸ்டாஃப் மீட்டிங்கில் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

சிஸ்டர் மறுநாளே மீட்டிங் போட்டார். சர்க்குலர் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து. அப்படியும் யாரும் வரவில்லை. ஒரு ரூமுக்குக் கெட்ட பெயர் வர ஒரு வாரம் போதும், போக எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை.

இதற்கிடையில் செருப்புப் பிரச்சினை. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள் இல்லையா? எங்கள் பிள்ளைகளுக்குச் செருப்பைப் பார்த்தாலே ஆளைத் தெரியும், வார் அறுந்து பின் குத்தினது யாருடையது என்றுகூட. வெளியே நின்று “உள்ளே அவதான் இருக்கா, என்னடி ஆச்சு அவளுக்கு?” என்று பேச்சு. தாழ்ப்பாளைப் பற்றி யோசித்த நாங்கள் செருப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

பழையமாணவி
ஆகஸ்ட் 23, இரவு 9:50

செருப்பு ஸ்டாண்டைக் கதவுக்கு உள்பக்கம் வையுங்கள் டீச்சர்.

அப்புறம், நீங்கள் போய் உட்காருங்கள். வராண்டாவில் இல்லை, உள்ளே. மற்ற டீச்சர்களும் போகட்டும். எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்ன ஒரு டீச்சர்கூட எங்கள் முன்னால் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆற்றுப்படுத்துநர்
ஆகஸ்ட் 24, காலை 7:10

இரண்டு மூன்று ஆசிரியைகளாகச் சேர்ந்து போனால் நான் முன்னால் சொன்னதோடு முரணும் வராது. கதவு திறந்தே இருக்கட்டும்.

தாமிரபரணிக்காரன்
ஆகஸ்ட் 24, பிற்பகல் 1:40

டீச்சர்களுக்கு உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் போனை எடுப்பார்கள், பந்தயம் கட்டலாம். அவர்களுக்காக ஒன்று: யேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் தன் சபைக்கு விட்டுப்போன வழக்கம், அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. அமெரிக்காவில் யேசு சபைப் பள்ளிகள் பலவற்றில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளி முழுக்கவே இதைச் செய்கிறார்கள். காலையிலிருந்து நடந்ததில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது, எங்கே தவறினேன், மிச்ச நாளில் என்ன செய்யப் போகிறேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடவுள் நம்பிக்கை உள்ளவர் அவரோடு பேசலாம், இல்லாதவர் தன்னோடு பேசலாம். ‘ஆன்ம சோதனை’ என்ற நம் பழைய பெயரைச் சொன்னால் குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசை ஞாபகம் வந்து பாதிப்பேர் ஓடிவிடுவார்கள், பெயரைச் சொல்லாமலே செய்யுங்கள்.

ரெஜிஸ்டர்நோட்டு
நவம்பர் 19, மாலை 6:30

மழை லீவு. அதனால் எழுத நேரம் கிடைத்தது.

செருப்பு ஸ்டாண்டு உள்ளே போனது. செப்டம்பர் முழுவதும் நானும் வேதியியல் டீச்சரும் மதியம் பத்து நிமிடம் போய் உட்கார்ந்தோம். கண்ணாடி ஜோக் அடித்தவரேதான். முதல் நாள் அவர் அப்படியே தூங்கிவிட்டார், குறட்டையே வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில்தான் அந்த ரூமுக்கு மறுபடி நல்ல பெயர் வந்தது என்று நினைக்கிறேன். டீச்சரே தூங்குகிற இடம் தண்டனையாக இருக்க முடியாதே. காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது ஒவ்வொருத்தியாக வரத் தொடங்கினார்கள்.

கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் மூன்று பேர், ஒருநாள் ஒன்பது பேர், ஒருநாள் யாருமே இல்லை. கணக்கு டீச்சர் இன்னமும் அந்த ரூமை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறார். மறைக்கல்வி டீச்சர், சிற்றாலயத்துக்குத் தானாக வரும் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள் என்று பயந்தார். குறையவில்லை, கூடவும் இல்லை.

ஒரு ப்ளஸ் டூ பிள்ளை தினமும் வந்து சிலேட்டில் முழுப் பக்கமும் எழுதித் துடைத்துவிட்டுப் போவாள். நான் கேட்டதில்லை. போன வாரம் துடைக்க மறந்துவிட்டாள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு. பதின்மூன்று ஒன்று பதின்மூன்றில் தொடங்கிக் கீழே வரைக்கும். பக்கத்தில் ஒரு கோழி படம். துடைத்து வைத்துவிட்டேன்.

பெயர்ப் பலகை இன்னும் வைக்கவில்லை. ‘அகம்’, ‘மௌனம்’, ‘கெத்சமனி’ என்றெல்லாம் யோசித்தோம். பிள்ளைகள் அதற்குள் ‘சும்மா ரூம்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். “எங்கடி இருந்தே?” “சும்மா ரூம்ல.” கரஸ்பாண்டன்ட் சிஸ்டர், அதை எப்படிம்மா போர்டில் எழுதுவது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் என்ன நினைப்பார் என்கிறார். பலகை வெறுமையாகவே தொங்குகிறது.

இப்போது ஒரே தலைவலி ஓடு. மழையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. கீழே எவர்சில்வர் வாளி வைத்திருக்கிறோம். சொட்டு, சொட்டு, ரூம் முழுக்க அந்தச் சத்தம்தான். சரிசெய்ய ஆள் கூப்பிடலாம் என்றால், வாளிக்குப் பக்கத்து இடத்துக்குப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். மாற்றவா, விடவா?

கரும்பலகை72
நவம்பர் 19, இரவு 7:05

ஒழுகுகிற ஓடுகளை மாற்றுங்கள் டீச்சர். கோரைப்பாய் ஒரு தரம் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், பிறகு எத்தனை வெயிலில் காயவைத்தாலும் நாற்றம் போகாது. அடியில் ரீப்பர் இற்றுப்போயிருக்கிறதா என்றும் ஆளை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாளியை எடுக்க வேண்டாம். உருளிக்கு மேலே ஒரு மண்கலயத்தில் சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் கோடையிலும் சொட்டும்.